தாத்தாவும் பேரனும் ஒரே ஆளா? கணினிக்குத் தத்துவம் தேவைப்படும் இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கை தொடங்கினால் போதும், 'கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைக்குத் தத்துவமும் தருக்கமும் எதற்கு? அந்த நேரத்தில் இன்னொரு புரோகிராமிங் மொழியைச் சொல்லிக்கொடுக்கலாமே' என்ற பேச்சு நெல்லையிலும் பாளையங்கோட்டையிலும் கிளம்பிவிடும். பெற்றோர் கேட்டால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை; கட்டணம் கட்டுகிறவர்கள் அவர்கள். கணினித் துறையில் இருப்பவர்களே அதைச் சொல்லும்போதுதான் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

வரலாற்றைக் காட்டி வாதாட எங்களுக்கு விருப்பமில்லை. ஜார்ஜ் பூல் 1854-இல் தருக்கத்தைக் குறிக்கணக்காக்கினார். அமெரிக்காவில் தத்துவ வகுப்பில் அந்தக் கணக்கைக் கற்ற கிளாட் ஷேனன் 1937-இல் அதை ரிலே சுற்றுகளுக்குப் பொருத்திக் காட்டினார். இடையில் 1936-இல் ஆலன் டூரிங், கணிதக் கூற்று எதையும் இயந்திர முறையில் தீர்மானிக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை தேடப்போய்ப் பொதுக் கணினியின் வரைபடத்தையே தந்துவிட்டார். இதெல்லாம் சரி. ஆனால் ஒரு துறை எங்கே பிறந்தது என்பதை வைத்து இன்றைக்கு அதற்கு என்ன தேவை என்று நிறுவ முடியாது. நாங்கள் சொல்ல வருவது இன்றைய வேலையைப் பற்றி. 'இது அதுதானா, வேறா?' என்று தத்துவக்காரர்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக மல்லுக்கட்டிய கேள்வி ஒவ்வொரு டேட்டாபேஸிலும் தினமும் எழுகிறது. கணினி அதற்குத் தானாக விடை சொல்லாது. யாரோ ஒருவர் முன்கூட்டியே விடையை எழுதி வைத்திருப்பார், பெரும்பாலும் தாம் அப்படி எழுதுகிறோம் என்று தெரியாமலே.

நம் பக்கத்து உதாரணமே போதும். பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது இங்கே வழக்கம். மாடசாமியின் மகன் இசக்கிமுத்து. அவர் மகன் மாடசாமி. அவர் மகன் மறுபடி இசக்கிமுத்து. தாத்தாவும் 'மா. இசக்கிமுத்து', பேரனும் 'மா. இசக்கிமுத்து'. இருவருக்கும் தந்தை பெயர் மாடசாமி, தெரு ஒன்று, கதவு எண் ஒன்று. பெயர், தந்தை பெயர், முகவரி மூன்றும் ஒத்தால் ஒரே ஆள் என்று ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலுக்கு விதி எழுதினால், தாத்தாவின் பங்குத்தொகை பேரன் கணக்கில் ஏறும். பேரன் வாங்கிய நகைக்கடன் தாத்தா தலையில் விழும். பிறந்த ஆண்டு பிரித்துக் காட்டிவிடுமே என்பீர்கள். தாத்தா பேரன் விஷயத்தில் காட்டும். தாத்தாவுக்கு மாடசாமி, மாரியப்பன் என்று இரண்டு மகன்கள் இருந்து, இருவரும் ஒரே ஆண்டில் பிறந்த பிள்ளைகளுக்கு அப்பா பெயரை வைத்தால்? தந்தை பெயரை முழுதாக எழுதாமல் இனிஷியலோடு நிறுத்திய பட்டியலில் அந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே 'மா. இசக்கிமுத்து'தான். தேதியும் எப்போதும் உதவாது. ஆண்டு மட்டும் தெரிந்த முதியவருக்கு மென்பொருள் முழுத் தேதி கேட்டு அடம்பிடிக்கும். தட்டச்சு செய்கிறவர் ஜனவரி 1 என்று போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அப்புறம் ஊரில் பாதி முதியவர்கள் புத்தாண்டு அன்று பிறந்தவர்களாகிவிடுவார்கள்.

இந்த இடத்தில் ஜெர்மன் தத்துவக்காரர் லைப்னிட்ஸ் உதவுகிறார். அவர் சொன்னதில் இரண்டு பாதிகள் உண்டு. இரண்டும் ஒரே பொருள் என்றால் ஒன்றின் பண்பெல்லாம் மற்றதற்கும் இருக்கும் என்பது ஒரு பாதி. எல்லாப் பண்பும் ஒத்திருந்தால் இரண்டும் ஒரே பொருள் என்பது மறு பாதி. அச்சு அசலாக ஒன்றுபோல் இரண்டு இலை கிடைக்குமா என்று ஒருவர் ஹேரன்ஹவுசன் தோட்டம் முழுக்கத் தேடி வெறுங்கையோடு வந்ததை அவரே ஒரு கடிதத்தில் குறிப்பிடுகிறார். ஆனால் அவர் பேசியது எல்லாப் பண்புகளையும் பற்றி. நம் அட்டவணையில் இருப்பவை ஏழெட்டுக் கட்டங்கள். அந்த ஏழெட்டு ஒத்ததை எல்லாம் ஒத்ததாகக் கொள்வதால்தான் மேலே சொன்ன குளறுபடி வருகிறது. பட்டியல் வேலைக்கு நம்பி எடுக்கக்கூடியது முதல் பாதி: ஆயுளுக்கும் மாறாத ஒரு பண்பு வேறுபட்டால் ஆள் வேறு. அதுகூடப் பதிவு பிழையில்லாமல் இருந்தால்தான்.

ஆகவே பிரைமரி கீ, அதாவது அட்டவணையில் ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் கட்டம், எந்தப் பொருளும் இல்லாத வெறும் எண்ணாக இருக்க வேண்டும். பெயரையும் இனிஷியலையும் பிறந்த ஆண்டையும் ஒட்டிச் செய்த கீ, பார்க்க அழகாக இருக்கும்; கல்யாணமான பெண் தகப்பனார் இனிஷியலை விட்டுக் கணவர் இனிஷியலுக்கு மாறும் அன்றைக்கு உடையும். ஜாவா படிக்கும் மாணவர்கள் இதே தவறை வேறு உருவில் செய்வார்கள். இரண்டும் ஒன்றா என்று சொல்லும் ஈக்குவல்ஸ், எந்த அறையில் வைப்பது என்பதற்கு எண் தரும் ஹாஷ்கோடு இரண்டையும் பெயரையும் இனிஷியலையும் கொண்டு எழுதி, ஓர் ஆளை ஹாஷ்செட் என்ற தொகுப்பில் போட்டபிறகு இனிஷியலை மாற்றுவார்கள். பிறகு 'இவர் உள்ளே இருக்கிறாரா' என்று கேட்டால் இல்லை என்று வரும். ஆள் பழைய ஹாஷ் எண்ணுக்குரிய அறையில் இருக்க, தேடல் புது எண்ணுக்குரிய அறையில் நடக்கிறது. எது மாறினாலும் ஆள் அதே ஆள், எது மாறினால் ஆள் வேறு என்று முதலில் முடிவு செய்யாமல் ஈக்குவல்ஸ் எழுதக் கூடாது. மனப்பாடம் செய்து எழுதுகிற விஷயம் இல்லை அது.

ஆளை விடுங்கள், பெயரே தகராறு. சங்கரன்கோவில் அம்மன் பெயரான 'கோமதி'யை எடுங்கள். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் 'கோ' என்பதை 2965, 3019 என்று இரண்டு எண்களாகவும் வைக்கலாம்; 2965, 3015, 3006 என்று ககரம், ஏகாரக் குறி, கால் என மூன்று எண்களாகவும் வைக்கலாம். திரையிலும் அச்சிலும் கடுகளவு வித்தியாசம் தெரியாது. கணினியோ இரண்டும் வேறு என்று அடித்துச் சொல்லும். ஒரு பட்டியல் ஒரு விசைப்பலகையிலும் மற்றது பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியும் வந்திருந்தால், கோமதிகள், கொம்பையாக்கள் எல்லாரும் 'பட்டியலில் இல்லை' என்று திரும்பி வருவார்கள். ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பட்டியலையும் என்.எஃப்.சி. என்ற இயல்பாக்கத்துக்கு (இப்படிப்பட்ட மாற்று எண் வரிசைகளை ஒரே வடிவமாக்கும் முறைக்கு) உட்படுத்தினால் இது தீரும். பைத்தானில் ஒரு வரி வேலை. ஆனால் 'ஔ' என்னும் ஓரெழுத்தை (2964) அடிக்காமல் 'ஒ'வையும் 'ள'வையும் (2962, 2995) பக்கத்தில் பக்கத்தில் அடித்திருந்தால் இயல்பாக்கம் தொடாது, ஏனென்றால் யூனிகோடின் கணக்கில் அவை உண்மையிலேயே வேறு. தமிழ் எண் ௧-க்கும் (3047) ககரத்துக்கும் (2965) அதே கதை. இவற்றுக்குத் தனியாக ஒரு மாற்றுப் பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த அளவில் 'ஒன்று' என்கிறோம்: எண் வரிசையா, கண்ணுக்குத் தெரியும் உருவா, எழுத்தா, பெயரா? 1906-இல் அமெரிக்கத் தத்துவக்காரர் சார்லஸ் பியர்ஸ் வகைக்கும் அதன் ஒவ்வொரு வருகைக்கும் இடையே கோடு கிழித்தது இதைத் தெளிவாகப் பேசத்தான்.

ஆங்கிலத்தில் எழுதிய பெயர் என்றால் இன்னும் மோசம். பல டேட்டாபேஸ்களில் உள்ளேயே இருக்கும், ஒலி ஒத்த பெயர்களைச் சேர்க்கும் சவுண்டெக்ஸ், 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளி, மெய்களை 1 முதல் 6 வரை எண்களாக்கி, மொத்தம் நான்கு இடத்தில் நிறுத்தும். இசக்கியை ஆங்கில 'ஈ' (E) போட்டுத் தொடங்கினால் ஈ-220. 'ஐ' (I) போட்டுத் தொடங்கினால் ஐ-220. ஒரே பெயர், ஒருபோதும் சேராது. எதிர்ப்பக்கம், மாடனும் முத்தனும் இருவரும் எம்-350. சேர வேண்டியது பிரிகிறது, பிரிய வேண்டியது சேர்கிறது. அந்த முறை ஆங்கிலக் காதுக்குச் செய்தது. அதைக் குறை சொல்வதில் பயனில்லை. பெயரை ஆள் சொல்கிறபடி தமிழிலேயே ஒரு கட்டத்தில் எழுதி, ஆங்கில எழுத்துக்கூட்டலை ஆவணத்தில் உள்ளபடி வேறு கட்டத்தில் வைத்து, ஒன்றிலிருந்து மற்றதை உருவாக்காமல் இருந்தாலே இந்தத் தொல்லையில் பெரும்பகுதி வராது. இசக்கி–எசக்கி, சுடலை–சொடலை போன்ற பேச்சு வேறுபாடுகள் மட்டும் மிஞ்சும். அவற்றைச் சிறிய அட்டவணையில் அடக்கலாம்.

'கிட்டத்தட்ட ஒத்தால் போதும்' என்று எழுத்து வித்தியாசத்தை எண்ணிச் சேர்ப்பவர்கள் உண்டு. ஒரே எழுத்து மாற்றம் என்றால் ஒரே பெயர் என்பது அவர்கள் விதி. ஆங்கில எழுத்தில் இசக்கியின் முதலில் உள்ள 'ஈ'யை 'ஐ' ஆக்குங்கள்: ஒரு மாற்றம். இரண்டு 'கே'யில் ஒன்றை எடுங்கள்: ஒரு மாற்றம். கடைசி 'ஐ'யை எடுங்கள்: ஒரு மாற்றம். மிஞ்சுவது ஐசக். இசக்கியம்மன் கோயிலுக்குக் கிடா நேர்ந்தவரும் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவரும் மூன்றே படியில் ஒரே ஆளாகிவிட்டார்கள். கிரேக்கத்தில் யூபுலிடஸ் பெயரால் வழங்கும் குவியல் புதிர் இதுதான்: குவியலிலிருந்து ஒரு மணியை எடுத்தாலும் குவியல்தானே, இன்னொன்றை எடுத்தாலும் குவியல்தானே என்று போனால் கடைசியில் ஒற்றை மணியும் குவியல். ஒப்புமை கைமாறிப் போகாது: அ-வும் ஆ-வும் ஒத்து, ஆ-வும் இ-யும் ஒத்தாலும், அ-வும் இ-யும் ஒக்க வேண்டியதில்லை. 'ஒன்றே' என்பது கைமாறிப் போகும். ஒப்புமையை அடுக்கி 'ஒன்றே' என்பதைக் கட்டினால் சங்கிலிபோல் நூறு பேர் ஒரு வரியில் வந்து விழுவார்கள். தசம எண்களிலும் இப்படித்தான்: 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி 0.3-ஆ என்று கேட்டால் இல்லை என்று வரும். சிறு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள் என்று சொல்லிவைத்தால் சங்கிலி வேறு இடத்தில் அறும். நிலப் பரப்பையும் பணத்தையும் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வைத்துக்கொண்டு, 100 சென்டை மூவருக்குப் பிரித்தால் மீதி யாருக்கு என்ற விதியை எழுதிவைப்பதே வழி.

பட்டியல்களைப் பொருத்துவதற்கு நல்ல முறை இல்லாமலில்லை. புள்ளியியலாளர்கள் ஃபெல்லகி, சன்டர் இருவரும் 1969-இல் வகுத்ததை இன்றும் மிஞ்ச எதுவும் வந்துவிடவில்லை என்பது எங்கள் கருத்து. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு அளவு வேண்டும்: ஒரே ஆளாக இருந்தால் அந்தக் கட்டம் ஒத்துப்போக எவ்வளவு வாய்ப்பு, வேறு ஆளாக இருந்தும் தற்செயலாக ஒத்துப்போக எவ்வளவு வாய்ப்பு. முதலாவதை இரண்டாவதால் வகுத்து, இரண்டடிமான மடக்கை (லாகரிதம்) எடுத்தால் அந்தக் கட்டத்தின் எடை. ஒரு பேச்சுக்கு, ஆயிரம் பேர் பட்டியலில் 40 பேர் இசக்கிமுத்து என்றும், பெயர் எழுதுவதில் நூற்றுக்கு 95 சரியாக வரும் என்றும் கொண்டால், அந்தப் பெயர் ஒத்ததன் எடை சுமார் 4.6. ஆயிரத்தில் ஒருவருக்கே உள்ள பெயர் ஒத்தால் சுமார் 9.9. எல்லாக் கட்டங்களின் எடையையும் கூட்டி, ஒரு மேல் வரம்பும் ஒரு கீழ் வரம்பும் வைக்க வேண்டும். மேலே போனது சேரும், கீழே நின்றது பிரியும், நடுவில் மாட்டிக்கொண்டதை ஊரறிந்த மனிதர் பார்க்க வேண்டும். செலவை மிச்சம் பிடிக்க அந்த நடுப்பகுதியை எடுத்துவிட்டு ஒரே வெட்டாக வெட்டுகிறார்களே, அங்கேதான் கெடுகிறது.

சேர்ப்பதையும் அழிப்பதாக நடத்தக் கூடாது. விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒரே கோள் என்பது, விடிவெள்ளி விடிவெள்ளிதான் என்பதைப் போன்ற வெற்று உண்மை ஆகாது. வானத்தைப் பார்த்துக் கண்டறிந்த செய்தி என்று ஜெர்மன் தருக்கவியலாளர் ஃப்ரேகே 1892-இல் எழுதிய கட்டுரை இங்கே நேராகப் பயன்படுகிறது. 'இந்த இரண்டு வரிகளும் ஒரே ஆள்' என்பதும் ஒரு செய்தி. அதற்குச் சான்று உண்டு, தவறாகவும் போகலாம். ஆகவே இரண்டு எண்களையும் அப்படியே வைத்து, மூன்றாவது அட்டவணை ஒன்றில் 'இந்த எண்ணும் அந்த எண்ணும் ஒன்று. எந்த ஆவணத்தைப் பார்த்து, யார், எந்தத் தேதியில் சொன்னது' என்று எழுத வேண்டும். பிழை தெரிந்தால் அந்த ஒரு வரியை ரத்து செய்தால் போதும். ஒரு வரியை அழித்து மற்றதில் கொட்டியிருந்தால், எந்தத் தவணை யார் கட்டியது என்று பிரிக்கப் பழைய காகிதத்தைத் தேடி அலைய வேண்டும்.

காலிக் கட்டம் தனிக் கதை. எட்கர் காட் 1970-இல், தகவலை அட்டவணைகளாக அடுக்கும் உறவுமுறை டேட்டாபேஸை வகுத்தார். அதன் வழிவந்த, டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் எஸ்.க்யூ.எல். மொழியில் காலிக்கு 'நல்' என்று ஒரு குறி. நல்லும் நல்லும் சமமா என்று கேட்டால் ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. 'தெரியவில்லை' என்று மூன்றாவது மதிப்பு வரும். போலந்துத் தருக்கவியலாளர் லுகாசியேவிச் 1920-இல் மூன்று மதிப்புத் தருக்கம் கண்டது, நாளை நடக்கப்போவதைப் பற்றிய கூற்று இன்று மெய்யா பொய்யா என்ற அரிஸ்டாட்டிலின் பழைய சிக்கலால். அதை அறியாதவர் மாட்டும் இடம் இது: 'இந்தப் பட்டியலில் உள்ளவர்களில் அந்தப் பட்டியலில் இல்லாதவர்கள் யார்' என்று நாட் இன் என்ற கட்டளை போட்டுக் கேட்கிறார். அந்தப் பட்டியலில் ஒரே ஓர் எண் நல்லாக இருந்தாலும் விடை சுத்தமாகக் காலியாக வரும். விடுபட்டவர் யாருமில்லை என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார். நாட் எக்ஸிஸ்ட்ஸ் என்று எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை. வேடிக்கை என்னவென்றால், சமமில்லை என்று ஒதுக்கிய அதே நல்களை, வரிகளைக் குழுவாக்கும் குரூப் பை என்ற கட்டளை ஒன்றாகக் கட்டிவைக்கும். ஒரே மொழிக்குள் 'ஒன்று' என்பதற்கு இரண்டு கொள்கை!

தந்தை பெயர் தெரியாது, எழுத விருப்பமில்லை, பொருந்தாது என்ற மூன்றையும் ஒரே காலிக் கட்டத்தில் அடைப்பது அதைவிடப் பெரிய தப்பு. காட் பிற்பாடு, 'இருக்கிறது ஆனால் தெரியவில்லை' என்பதற்கும் 'பொருந்தாது' என்பதற்கும் வேறு வேறு குறி வேண்டும் என்று வாதாடிப் பார்த்தார், எஸ்.க்யூ.எல். ஏற்கவில்லை. நாமே பக்கத்தில் ஒரு 'காரணம்' கட்டம் வைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கிவைத்த சமணர்களின் தருக்கத்தில் ஒரு பொருளைப் பற்றி ஏழு வகைக் கூற்று உண்டு, 'சொல்ல இயலாது' என்பதும் அதில் ஒன்று. உடனே அவர்கள்தான் எஸ்.க்யூ.எல்.லைக் கண்டுபிடித்தார்கள் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஆம், இல்லை இரண்டோடு உலகம் முடிவதில்லை என்று இந்த மண்ணிலும் யோசித்திருக்கிறார்கள், அவ்வளவே.

'திருநெல்வேலி மாவட்டம்' என்ற வரிகூட ஒரே பொருளைக் குறிக்கவில்லை. 1986-இல் தூத்துக்குடி பிரிந்தது. 2019 நவம்பர் 22-இல் தென்காசி பிரிந்தது. 2011 கணக்கெடுப்பின் 30,77,233 என்ற மக்கள்தொகை தென்காசியும் சேர்ந்த மாவட்டத்தினுடையது. அதை இன்றைய மாவட்ட எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து 'குறைந்துவிட்டது' என்று வரைபடம் போடுவது, பலகை பலகையாக மாற்றிய தீசியஸ் கப்பல் அதே கப்பலா என்று யோசிக்காமலே ஆம் என்பது. மாவட்ட வரிக்கு 'முதல் தேதி', 'கடைசித் தேதி' என்று இரண்டு கட்டம் போட்டு, எந்தக் கிராமம் எந்தத் தேதி வரை எந்த மாவட்டத்தில் இருந்தது என்று தனி அட்டவணை வைத்து, எண்களைக் கிராம அளவில் சேமித்துக் கூட்டிக்கொண்டால் எந்தக் காலத்து எல்லைக்கும் கணக்கு எடுக்கலாம்.

இவ்வளவையும் இயந்திரத்தையே கண்டுபிடிக்கச் சொல்லலாமே என்று இப்போது கேட்கிறார்கள். அதற்கும் எல்லை உண்டு. இரண்டு புரோகிராம்கள் எப்போதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றனவா என்று எல்லாப் புரோகிராம்களுக்கும் பொதுவாகத் தீர்மானிக்கும் புரோகிராமை எழுத முடியாது. டூரிங்கின் 1936 முடிவிலிருந்தும் 1953-இல் ரைஸ் நிறுவியதிலிருந்தும் அது நேராக வருகிறது. ஆட்களைப் பொருத்துகிற மென்பொருளோ, எது ஒன்று என்று மனிதர் சொல்லிக்கொடுத்த மாதிரிகளிலிருந்துதான் கற்கிறது. மாதிரியில் தாத்தா பேரன் சிக்கல் இல்லையென்றால் அதன் விடையிலும் இராது.

தத்துவப் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளையின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம் 1990 முதல் இங்கே இருக்கிறது. அதன் பாடத்திட்டக் குழுவினரும் தன்னாட்சிக் கல்லூரிகளும் யோசிக்க ஒன்று: முதல் பருவத்தில் வாரம் இரண்டு மணி நேரம் தருக்கத்துக்கு ஒதுக்கி, அதை டேட்டாபேஸ் ஆய்வகத்தோடு சேர்த்து நடத்தலாம். ஆய்வகத் தேர்வில், கற்பனையாக எழுதிய இருநூறு பெயர்கொண்ட இரண்டு பட்டியல்களைக் கொடுத்து, முதல் அரை மணி நேரம் கணினியைத் தொடவிடாமல், 'எதை ஒரே ஆள் என்பீர்கள், எந்தச் சான்று வந்தால் அந்த முடிவை மாற்றுவீர்கள்' என்று தமிழில் ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம். புரோகிராமுக்கு எவ்வளவு மதிப்பெண்ணோ அந்தப் பக்கத்துக்கும் அவ்வளவு. இரு பட்டியலிலும் நிச்சயமாக ஓர் இசக்கி, ஓர் ஐசக், இரண்டு விதமாக அடித்த கோமதி, காலியான தந்தை பெயர் ஒன்று இருக்கட்டும்.

இப்படிக்கு,
கணினியியல், தருக்கவியல் ஆசிரியர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.